பிள்ளைகளை எண்ணிப் பெற்றோரை அறிதல்

உருண்டையான பட்டாணி ஒன்றை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும், அதனுள் இருக்கும் இரண்டு அல்லீல்களும் (ஒரே மரபணுவின் வடிவங்கள்) உருண்டைக்கு உரியவையா, ஒன்று சுருக்கத்துக்கு உரியதா என்று தெரியாது. உருண்டை ஓங்கு பண்பு, அதாவது மற்றதை மறைத்து வெளித்தெரிவது என்பதால் அதற்குரிய அல்லீல் ஒன்றே போதும். சுருக்கமோ மறைந்துபோகும் ஒடுங்கு பண்பு; தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று எனச் சுருக்க அல்லீல் இரண்டும் சேர்ந்தால்தான் சுருங்கிய விதை உருவாகும். அதனால் சந்ததியில் ஒரே ஒரு சுருங்கிய விதை தென்பட்டாலும், பெற்றோர் இருவரிடமும் சுருக்க அல்லீல் உண்டு என்று அடித்துச் சொல்லிவிடலாம். கணக்கைத் தொடங்க வேண்டிய இடம் இந்த ஒடுங்கு பிள்ளைதான். விகிதம் அதற்குப் பிறகு.

ஓங்கு பிள்ளைகள் மூன்றுக்கு ஒடுங்கு பிள்ளை ஒன்று என்றால் பெற்றோர் இருவரும் கலப்பு, அதாவது இரு வகை அல்லீலும் உடையவர்கள். பாதிக்குப் பாதி என்றால் ஒருவர் கலப்பு, மற்றவர் ஒடுங்கு வகை. பிர்னோ மடாலயத்தில் பட்டாணிகளை வைத்து மரபியலுக்கு வழிகோலிய துறவி மெண்டல் எண்ணியவை 5474 உருண்டை, 1850 சுருக்கம்; ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று.

அத்தனையும் ஓங்கு பண்போடு பிறந்தால்தான் சிக்கல். உயரம், பூவின் நிறம் போன்றவற்றில் ஒரு செடி தூயதா (இரண்டு அல்லீல்களும் ஒரே வகையா) கலப்பா என்றறிய, மெண்டல் அது தன் மகரந்தத்தாலேயே தந்த விதைகளில் பத்தை விதைத்துப் பார்த்தார். செடி கலப்பாகவே இருந்தும் பத்தும் ஓங்கு பண்போடு வளர 5.6 சதவீத வாய்ப்பு இருக்கிறது. புள்ளியியலாளர் ரொனால்டு ஃபிஷர் 1936-இல் இதைச் சுட்டிக்காட்டினார். ஒடுங்கு பிள்ளை இல்லை என்று யாராவது சொன்னால், எத்தனை பிள்ளைகளில் இல்லை என்று கட்டாயம் கேட்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த கணக்கு மஞ்சள் சுண்டெலியுடையது. மஞ்சள் நிறம் ஓங்கு பண்பு. ஆனால் பிரான்ஸின் உயிரியலாளர் லூசியன் குவேனோ 1905-இல் எத்தனை மஞ்சள் எலிகளைச் சோதித்தும் தூய மஞ்சள் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை, எல்லாமே கலப்பு. மஞ்சள் அல்லீல் கொண்ட விந்தணு, அதே அல்லீல் கொண்ட முட்டையோடு சேர்வதில்லை என்று அவர் கருதினார். அப்படியானால் அந்த முட்டை வேறு விந்தணுவோடு சேர்ந்து மஞ்சள் குட்டியாகவே பிறக்கும். விகிதம் மூன்றுக்கு ஒன்றாகவே நிற்கும். அமெரிக்காவில் காசிலும் லிட்டிலும் 1910-இல் வெளியிட்ட எண்ணிக்கை வேறு: 1235 குட்டிகளில் 800 மஞ்சள், 435 மற்றவை. மூன்றுக்கு ஒன்று என்றால் மஞ்சள் 926 இருந்திருக்க வேண்டும். இரண்டுக்கு ஒன்று என்றால் 823. எண்ணியது இதற்குத்தான் நெருக்கம். தூய மஞ்சள் கருக்கள் உருவாகின்றன, பிறக்கும் முன்பே இறந்துவிடுகின்றன என்பதே அதற்குப் பொருந்தும் விளக்கம். பின்னர் தாய் எலிகளின் கருப்பையைத் திறந்து பார்த்தவர்கள் இறந்த கருக்களை நேரிலேயே கண்டார்கள். இந்த அல்லீலால் மஞ்சளான எலி தூயதா கலப்பா என்றறிய, அதை ஒடுங்கு வகையோடு இணைத்துப் பார்க்கும் சோதனைக் கலப்பே தேவையில்லை. உயிரோடிருக்கும் ஒவ்வொன்றும் கலப்புதான்.