கறியின் வீச்சம் எங்கே இருக்கிறது?

செட்டிநாட்டு வீடுகளில் காடையோ முயலோ சமைக்கும் நாளில், இலைக்கு முன் அமர்ந்தவர்களில் ஒருவராவது முதல் வாயிலேயே முகத்தைச் சுளித்து, "ஏதோ வீச்சம் அடிக்கிறது" என்று ஒதுக்கிவிடுவார். பெரும்பாலும் அது பிராய்லர் கோழியை மட்டுமே தின்று வளர்ந்த பிள்ளையாகவோ, வெளியூரிலிருந்து வாழவந்த மருமகளாகவோ இருக்கும். பெரியவர்கள் அதை அடம் என்றோ செல்லம் என்றோ எடுத்துக்கொள்வதுண்டு. அப்படி எடுத்துக்கொள்வது தவறு என்பதே என் எண்ணம். அவர்கள் மூக்கு சொல்வது உண்மை. அந்த வீச்சத்துக்கு வேதியியல் பெயர் உண்டு, கறிக்குள் அது தங்கும் இடமும் உண்டு. அந்த இடத்தை அறிந்து வேலை செய்தால், மசாலாவைக் கொட்டி மறைக்க வேண்டிய தேவை பெருமளவு குறைந்துவிடும்.

வேட்டைக்கறி என்று நம் பக்கத்தில் இன்றும் சொன்னாலும், இன்று சட்டிக்கு வருவது வேட்டையாடிய உயிரன்று. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டு முயல், காட்டுக் காடை, கௌதாரி முதலியவற்றை வேட்டையாடுவதைக் குற்றமாக்கியிருக்கிறது. திருப்பத்தூருக்கு அருகே வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், வந்து தங்கும் பறவைகள் மிரளும் என்பதற்காகத் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. அந்த ஊர்கள் இருக்கும் மண்ணில் சட்டத்தை மீறிய கறிக்கு இடமில்லை. ஆகவே இங்கே பேசப்படுபவை பண்ணையில் வளரும் ஜப்பானியக் காடை, பண்ணை முயல், கோயிலுக்கு நேர்ந்துவிட்ட வெள்ளாட்டுக் கிடா ஆகியவையே. பழைய வேட்டைக்கறியின் சமையல் முறைகள் அப்படியே இவற்றுக்குக் கைமாறியிருக்கின்றன.

முதலில் நிறத்தைப் பார்ப்போம். பிராய்லர் கோழியின் நெஞ்சுக்கறி வெளிறியிருக்கிறது, காடையின் நெஞ்சுக்கறியோ கருஞ்சிவப்பாக இருக்கிறது. தசைக்குள் ஆக்சிஜனைச் சேமித்து வைக்கும் மயோகுளோபின் என்ற இரும்புச்சத்துள்ள புரதமே இந்த நிறத்துக்குக் காரணம். பறக்கவும் நெடுந்தொலைவு ஓடவும் பயன்படும் தசைகளில் அது மிகுதி, எப்போதாவது மட்டும் வேலை செய்யும் தசைகளில் குறைவு. வளைக்கு அருகிலேயே மேய்ந்து, ஆபத்து வந்தால் ஓடி ஒளியும் இனத்தில் பிறந்த பண்ணை முயலின் கறி வெளிறியதாகவும், வளையே இல்லாமல் ஓட்டத்தை மட்டும் நம்பி வாழும் காட்டு முயலின் கறி கறுத்ததாகவும் இருப்பது இதனால்தான். மயோகுளோபினில் உள்ள இரும்பு கறிக்கு ஈரலைப் போன்ற, சற்றே உலோகம் கலந்த சுவையைத் தருவதோடு, கொழுப்பு காற்றோடு சேர்ந்து கெடும் வேதிவினையையும் விரைவுபடுத்துகிறது. பிராய்லர் கறிக்குப் பழகிய நாக்கு முதலில் மறுப்பது இந்த இரும்பைத்தான்.

ஆட்டின் வீச்சம் வேறு வகை. அதை நம் ஊரில் மொச்சை வாடை என்பார்கள். ஆட்டுக்கறிக்கே உரிய வாடைக்குக் கிளைத்த சங்கிலி கொண்ட சில கொழுப்பமிலங்கள் காரணம் என்பதை 1975-இல் நியூசிலாந்து ஆய்வாளர்கள் விளக்கினர். அவற்றுள் 4-மெத்தில் ஆக்டனாயிக் அமிலமும், வெள்ளாட்டில் மிகுந்து காணப்படும் 4-எத்தில் ஆக்டனாயிக் அமிலமும் முதன்மையானவை. பின்னது நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே மனித மூக்கு கண்டுகொள்ளும் அளவுக்குக் கூர்மையானது. விதையடிக்காத கிடாயில் இது மிக அதிகம். 2014-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வின்படி, கிடாயின் தலைப்பகுதியிலிருந்து வெளிப்படும் 4-எத்தில் ஆக்டனல் என்னும் பொருள், பெட்டை ஆட்டின் மூளையில் இனப்பெருக்க இயக்குநீர்களைத் தூண்டும் பகுதியை எழுப்புகிறது. அதே பொருள் காற்றில் ஆக்சிஜனேற்றமடைந்தால் மேலே சொன்ன அமிலமாகிறது. பெட்டையை அழைக்க இயற்கை படைத்த மணத்தையே நாம் சோற்றில் வைத்துவிட்டு, பிள்ளை ஏன் முகம் சுளிக்கிறது என்று கேட்கிறோம். தோலையும் மயிரையும் தொட்ட கையைக் கழுவாமல் கறியைத் தொடக்கூடாது என்று நல்ல கறிக்கடைக்காரர்கள் கவனமாக இருப்பதன் காரணமும் இதனால் விளங்கும்.

இந்த அமிலங்கள் கொழுப்பில் கரைந்து அங்கேயே தங்குபவை. ஆகவே முதல் வேலை கத்திக்கு உரியது. வளர்ந்த கிடாயின் கறியில் மேலாகப் படிந்த கொழுப்பை நீக்கிவிட வேண்டும். முயலின் சிறுநீரகத்தைச் சூழ்ந்த கொழுப்பையும், ஆசனவாய்க்கு அருகிலுள்ள மணச்சுரப்பிகளையும் தங்கவிடக் கூடாது. காடையில் வால் முனைக்கு மேலே இறகுக்கு எண்ணெய் பூசிக்கொள்ளும் சுரப்பி ஒன்று உண்டு. கடையில் அதை விட்டுவிட்டால் வீட்டிலாவது நறுக்கி எறிய வேண்டும். கழுவும்போது மஞ்சள் தூள் தடவுவது வெறும் சடங்கன்று. மஞ்சளிலுள்ள குர்குமின், கொழுப்பு காற்றில் கெடுவதைத் தடுக்கும் ஆற்றல் உடையது. தசையில் கொழுப்பு மிகக் குறைந்த முயல் கறியை உப்பு நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால், உப்பு தசைப் புரதங்களைச் சற்றே தளர்த்தி நீரைப் பிடித்துவைக்கச் செய்யும். வெந்தபின் நார் நாராக வறண்டு போவதால் முயலை ஒதுக்குபவர்கள் பலர். அவர்களுக்கு இந்த உப்பு நீர் ஒன்றே போதுமான மருந்தாகிவிடும்.

புளியைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உண்டு. மீனின் கவுச்சியைப் புளி அடக்குவதுபோலக் கறியின் வீச்சத்தையும் அடக்கும் என்று எண்ணுகிறோம். மீனின் நாற்றத்துக்குக் காரணமான டிரைமெத்தில் அமீன் காரத்தன்மை உடையது. புளியின் அமிலம் அதனோடு சேர்ந்து ஆவியாகாத உப்பாக்கிவிடுவதால் நாற்றம் அடங்குகிறது. ஆட்டின் மொச்சை வாடையோ தானே ஓர் அமிலம். புளிப்பு கூடக்கூட அது உப்பாக மாறாமல், ஆவியாகி மூக்குக்கு ஏறும் வடிவத்திலேயே நிற்கும். தயிரில் ஊறவைப்பது கறியை மென்மையாக்கும் என்பது சரிதான். ஆனால் வீச்சத்தைப் போக்கும் பொறுப்பைத் தயிரிடம் மட்டும் விட்டுவிட முடியாது.

அந்தப் பொறுப்பை ஏற்பது திறந்த சட்டி. இதை நான் என் அப்பத்தாவிடம் கண்டேன், காரணம் பல ஆண்டுகள் கழித்துத்தான் புரிந்தது. கறியைச் சட்டியில் போட்டதும் அவர் தண்ணீர் ஊற்றமாட்டார், மூடியும் போடமாட்டார். கறி தானாக விடும் நீர் கொதித்து வற்றி, எண்ணெய் பிரிந்து, துண்டுகள் சுருளும் வரை கிளறிக்கொண்டே இருப்பார். வீச்சம் தரும் இந்தக் கொழுப்பமிலங்கள் நடுத்தர நீளமுள்ளவை. தனியாகக் காய்ச்சினால் 200 பாகைக்கு மேல்தான் கொதிக்கும் என்றாலும், கொதிக்கும் நீரின் ஆவியோடு சேர்ந்து 100 பாகையிலேயே ஒரு பகுதி வெளியேறிவிடும். பூவிலிருந்து அத்தர் எடுக்க நீராவியைப் பயன்படுத்தும் அதே முறைதான் இங்கும் நடக்கிறது. அத்தர் வடிப்பவர் ஆவியைப் பிடித்து வைத்துக்கொள்கிறார், சமைப்பவர் அதைப் புகைபோக்கி வழியே போகவிடுகிறார். குக்கரில் நேரடியாக வைக்கும்போது ஆவிக்குப் போக வழியில்லாததால் வீச்சத்தின் பெரும்பகுதி குழம்புக்கே திரும்புகிறது. நேரமில்லாதவர்கள் குக்கரை விட்டுவிட வேண்டியதில்லை. முதல் பதினைந்து நிமிடம் திறந்த சட்டியில் வதக்கி, அதன்பின் குக்கருக்கு மாற்றினால் போதும். கருப்பர் கோயில் கிடாவெட்டில், விறகடுப்பின்மேல் அகன்ற அண்டாவில், வெட்டவெளியில் வேகும் கறி வயதான கிடாயினுடையதாக இருந்தும் வீட்டுக் கறியைவிட வீச்சம் குறைந்து தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

நீர் வற்றுவதில் இன்னொரு பயனும் உண்டு. ஈரம் இருக்கும்வரை கறியின் மேற்பரப்பு 100 பாகையைத் தாண்டாது. ஈரம் போனபின் 140 பாகையை நெருங்கும்போதுதான் அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் சேர்ந்து பழுப்பு நிறத்தையும் வறுவலின் மணத்தையும் உண்டாக்குகின்றன. கூடவே வதங்கும் சின்ன வெங்காயமும் தன் பங்கைச் செய்கிறது. வெங்காயத்தை நறுக்கிச் சூடாக்கும்போது உருவாகும் கந்தகச் சேர்மங்களில் ஒன்று, மிகச் சிறிய அளவிலேயே கறிச்சாற்றின் மணத்தைத் தரக்கூடியது. வீச்சம் வெளியேறிய இடத்தில் பிள்ளைக்குப் பழக்கமான கறிமணம் வந்து அமர்கிறது.

மசாலாவின் வேலை இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. சோம்பிலும் அன்னாசிப்பூவிலும் உள்ள அனிதோல், கிராம்பின் யூஜினால், பட்டையின் சின்னமால்டிஹைடு ஆகியவை வீச்சத்தைப் போலவே கொழுப்பில் கரைபவை. எனவே நல்லெண்ணெயில் பொரிந்து கறியோடு புரளும்போது, வீச்சம் தங்கியிருக்கும் அதே எண்ணெய்ப் படலத்தில் இவையும் கலந்து, ஒரே நேரத்தில் மூக்கை அடைகின்றன. கல்பாசி ஒரு தாவரமன்று, பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் ஓர் உயிர். பச்சையாக மணமற்றதாகத் தோன்றும் அது, சூடான எண்ணெய் பட்டதும் மண்ணும் புகையும் கலந்த மணத்தை விடுகிறது. கருங்கறியின் இரும்புச் சுவைக்கு இதைவிடப் பொருத்தமான துணையை நான் கண்டதில்லை. மிளகின் பைப்பரின், சூட்டை உணரும் நரம்புகளைத் தூண்டிக் கவனத்தை மணத்திலிருந்து காரத்துக்குத் திருப்புகிறது. ஆனால் காரத்தைக் கூட்டி ஒரு பிள்ளையை வசப்படுத்த முயல்வது நல்ல வழியன்று, அது இரண்டாவது காரணத்துக்காகவும் தட்டை ஒதுக்கும். மசாலாவை அன்றன்றைக்கு வறுத்து அரைப்பதில் பொருள் இருக்கிறது. அரைத்து வைத்த பொடியிலிருந்து இந்த மணப்பொருள்கள் நாளுக்கு நாள் ஆவியாகிப் போய்விடும்.

மறுநாள் சூடாக்கிய கறியைக் கொடுத்து யாருக்கும் புதிய கறியை அறிமுகப்படுத்தக் கூடாது. வெந்த கறியில் மயோகுளோபினிலிருந்து விடுபட்ட இரும்பு, உயிரணுச் சவ்வுகளின் கொழுப்பை இரவோடு இரவாகக் கெடுத்து, அட்டைப்பெட்டியை நினைவூட்டும் பழைய வாடையை உண்டாக்கும். ஆய்வாளர்கள் 1958-இலேயே இதற்குத் தனிப் பெயர் வைத்துவிட்டார்கள். காடை போன்ற கருங்கறியில் இது விரைவாக நிகழும். மறுப்பவருக்கு அடுப்பிலிருந்து இறக்கிய முதல் துண்டே போக வேண்டும்.

எல்லா மூக்கும் ஒன்றன்று. ஆண் பன்றியின் கறியில் உள்ள ஆண்ட்ரோஸ்டினோன் என்ற பொருளைச் சிலர் சிறுநீர் நாற்றமாகவும், சிலர் இனிய மணமாகவும் உணர்கிறார்கள், சிலருக்கு அது தெரிவதே இல்லை. இந்த வேறுபாட்டில் ஒரு மணவுணர்வு மரபணுவுக்குப் பங்குண்டு என்று 2007-இல் கண்டறிந்தனர். ஆகவே "எனக்கு ஒன்றும் அடிக்கவில்லையே" என்று தட்டிக்கழிப்பது விடையாகாது. இரண்டு வயது முதல் ஆறு வயது வரை புதிய உணவை அஞ்சுவது குழந்தைகளின் இயல்பு. வற்புறுத்தாமல் சிறு அளவில் பத்துப் பதினைந்து முறை முன்னே வைத்தால் பலருக்கும் அந்த அச்சம் தணிகிறது. கோழி என்று பொய் சொல்லி ஊட்டுவது மிகக் கெட்ட வழி. உண்மை தெரிந்தபின் கோழியையும் சந்தேகிப்பார்கள்.

என் தங்கை மகளுக்குக் காடை பிடிக்காது. சென்ற ஆண்டு, சுருள வதக்கிய மிளகு வறுவலில் ஒரு தொடைத் துண்டை மட்டும், அது காடைதான் என்று சொல்லியே, ஆப்பத்தின் ஓரத்தில் வைத்தோம். அன்று அவள் தொடவில்லை. நான்காம் முறை எலும்பை மட்டும் சப்பிப் பார்த்தாள். இப்போது நெஞ்சுக்கறியைத் தள்ளிவிட்டுத் தொடையை மட்டும் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாள். நெஞ்சுக்கறி எங்கள் தட்டுக்கு வந்துவிடுகிறது.