அழுகையை நிறுத்திய குழந்தைகள்

1989 டிசம்பரில் ருமேனியாவில் சௌஷெஸ்குவின் ஆட்சி கவிழ்ந்தபோது, அந்நாட்டின் அரசுக் காப்பகங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் வளர்ந்துகொண்டிருந்தனர். மக்கள்தொகையைப் பெருக்கும் நோக்கில் 1966இல் கருக்கலைப்புக்குத் தடை விதிக்கப்பட்டதும், வறுமையில் வளர்க்க வழியற்ற பெற்றோர் பிள்ளைகளை அரசிடம் ஒப்படைத்ததும் இதன் பின்னணி. பின்னாளில் அங்கே சென்ற ஆய்வாளர்களைத் திடுக்கிட வைத்தது, கைக்குழந்தைகள் நிறைந்த கூடங்களில் நிலவிய அமைதி. அழுதாலும் யாரும் வருவதில்லை என்பதை அறிந்துகொண்ட குழந்தைகள் அழுவதையே விட்டிருந்தனர்.

குழந்தைப் பருவம் பிற்கால மனநலத்தைப் பாதிக்கும் என்றவுடன் அடியும் வசையுமே நமக்கு நினைவுக்கு வருகின்றன. அவை கொடியவை என்பதில் ஐயமில்லை. ஆனால் நடந்தவை மட்டுமன்றி, நடந்திருக்க வேண்டியவை நடக்காமற்போனதும் வளரும் மூளையில் தடம் பதிக்கிறது. அது எவ்வாறு நிகழ்கிறது என்பதை அறிய, உடல் ஆபத்தை எதிர்கொள்ளும் விதத்தை முதலில் பார்க்க வேண்டும்.

அச்சம் எழுந்ததும் மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ் ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது. அது பிட்யூட்டரியைத் தூண்ட, பிட்யூட்டரி அனுப்பும் செய்தி இரத்தத்தின் வழியே சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகளை அடைகிறது. அங்கிருந்து கார்ட்டிசால் என்ற ஹார்மோன் வெளிப்பட்டு, சர்க்கரையை இரத்தத்தில் சேர்த்து, உடலை ஆயத்தநிலையில் வைத்திருக்கிறது. இந்த ஓட்டத்தைத் தொடங்குவது எவ்வளவு முக்கியமோ, அதே அளவுக்கு அதை நிறுத்துவதும் முக்கியம். கார்ட்டிசால் மூளைக்குத் திரும்பி வந்து ஹிப்போகாம்பஸ் பகுதியிலுள்ள ஏற்பிகளில் பொருந்தும்போது, ‘போதும்’ என்ற தகவல் ஹைப்போதலாமஸுக்குச் செல்கிறது, சுரப்பு அடங்குகிறது. பெரியவர்களிடம் இச்சுற்று ஏறக்குறைய முழுமையாக உடலுக்குள்ளேயே இயங்குகிறது. சிறு குழந்தையிடம் அப்படியில்லை.

மின்னசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேகன் கன்னரும் அவருடைய குழுவினரும் தடுப்பூசி போட்டுக்கொண்ட குழந்தைகளின் உமிழ்நீரில் கார்ட்டிசாலை அளந்தனர். தம்மைப் பராமரிப்பவருடன் உறுதியான பிணைப்புக் கொண்டிருந்த குழந்தைகளைக் காட்டிலும், அத்தகைய பிணைப்பு அமையாத குழந்தைகளிடம் கார்ட்டிசால் கூடுதலாக உயர்ந்தது. ஊசியின் வலி எல்லோருக்கும் ஒன்றுதான்; வேறுபாடு, பதற்றம் உள்ளே எவ்வளவு தூரம் ஏறுகிறது என்பதில் இருந்தது. குழந்தையின் அச்சத்தைத் தணிக்கும் உறுப்பு அதன் உடலுக்கு வெளியே, தூக்கி அணைக்கும் ஒருவரின் உருவில் இருக்கிறது என்றே சொல்லத் தோன்றுகிறது. அந்த ஒருவர் இல்லாதபோது சுற்று அறுபட்ட நிலையிலேயே வளர்கிறது.

இந்த வளர்ச்சி மூலக்கூறு அளவில் எப்படிப் பதிவாகிறது என்பதற்கான தெளிவான சான்று எலிகளிடமிருந்து கிடைத்தது. தாய் எலிகளில் சில தம் குட்டிகளை ஓயாமல் நக்கி நீவிவிடும். சில அவ்வளவாகச் செய்வதில்லை. மான்ட்ரியலின் மெகில் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மீனியின் குழுவினர், மிகுதியாக நக்கப்பட்ட குட்டிகள் வளர்ந்தபின் அச்சத்திலிருந்து விரைவில் மீள்வதை 1997இல் காட்டினர். இது பரம்பரைக் குணமாக இருக்கலாமே என்ற கேள்விக்கு விடை காணக் குட்டிகளைத் தாய் மாற்றி வளர்த்தபோது, அவை பெற்றவளை அல்ல, வளர்த்தவளையே ஒத்திருந்தன. 2004இல் அதே குழு காரணத்தையும் விளக்கியது. கார்ட்டிசால் வகை ஹார்மோன்களுக்கான ஏற்பியை உருவாக்கும் மரபணுவின் மீது, குறைவாக நக்கப்பட்ட குட்டிகளிடம் மெத்தில் எனும் வேதித் தொகுதிகள் கூடுதலாக ஒட்டியிருந்தன. மரபணுவின் எழுத்துகள் மாறவில்லை. அதை வாசிப்பது தடைப்பட்டிருந்தது. ஏற்பிகள் குறைந்தால் ‘போதும்’ என்ற தகவலும் தாமதமாகும்.

குழந்தைப் பருவத்தில் வதைக்குள்ளாகிப் பின்னர் தற்கொலை செய்துகொண்டவர்களின் மூளைத் திசுக்களில் இதையொத்த குறிகள் காணப்பட்டதாக 2009இல் அதே பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் ஆய்வு வெளிவந்தது. ஆயினும் அது ஒரு பிரிவுக்குப் பன்னிரண்டு பேர் என்ற சிறிய ஆய்வு. எலியின் நாவிலிருந்து மனிதரின் மனச்சோர்வுக்கு ஒரே தாவலில் சென்றுவிடும் கட்டுரைகளைப் படிக்கும்போது எனக்குத் தயக்கமே ஏற்படுகிறது. மனிதரைப் பற்றிப் பேச மனிதரிடமிருந்தே சான்று வேண்டும்.

அச்சான்றை அளித்ததே ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில் நடந்த ஆய்வு. சார்லஸ் நெல்சன், நேத்தன் ஃபாக்ஸ், சார்லஸ் சீனா ஆகிய மூவரும் 2000ஆம் ஆண்டுவாக்கில் தொடங்கிய இத்திட்டத்தில், காப்பகங்களில் இருந்த 6 முதல் 31 மாத வயதுக்குட்பட்ட 136 குழந்தைகள் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் பாதிப் பேர் குலுக்கல் முறையில் தெரிவு செய்யப்பட்டு, இத்திட்டமே பயிற்சி அளித்து ஊதியம் வழங்கிய வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டனர். மீதிப் பேரைக் காப்பகத்தில் விட்டுவைப்பது அறமா என்ற கேள்வி அன்றும் எழுந்தது, இன்றும் எழுகிறது. அந்நகரில் அப்போது வளர்ப்புக் குடும்ப முறையே ஏறத்தாழ இல்லை என்பதும், ஆய்வுக்காக எந்தக் குழந்தையையும் காப்பகத்தில் தடுத்து வைக்கவில்லை என்பதும் ஆய்வாளர்களின் பதில்.

நாலரை வயதில், காப்பகத்தில் இருந்திராத குழந்தைகளில் 22 விழுக்காட்டினருக்கு மனநலக் கோளாறு இருந்தது; காப்பகத்தை அறிந்த குழந்தைகளிலோ அது 53 விழுக்காடு. பதற்றம், மனச்சோர்வு போன்ற உள்முகக் கோளாறுகள் காப்பகப் பிரிவில் 44 விழுக்காட்டினரிடமும், குடும்பங்களுக்குச் சென்றவர்களில் பாதியளவாக 22 விழுக்காட்டினரிடமும் காணப்பட்டன. ஆனால் கவனச் சிதறலும் அளவுமீறிய துறுதுறுப்பும் குடும்பத்துக்குப் போன பின்னரும் குறையவில்லை. எல்லாக் கதவுகளும் ஒரே சாவியில் திறப்பதில்லை.

பன்னிரண்டு வயதில் அக்குழந்தைகளை மேடைப்பேச்சு போன்ற பதற்றமூட்டும் சோதனைகளுக்கு உட்படுத்தியபோது, காப்பகப் பிரிவினரின் கார்ட்டிசால் எகிறும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு வியப்பே காத்திருந்தது. அது மிகக் குறைவாகவே அசைந்தது. நெடுங்காலம் விடையின்றி ஒலித்த மணி மழுங்கிப்போனதைப் போன்ற நிலை அது. இரண்டு வயதுக்குள் குடும்பத்தில் சேர்க்கப்பட்டவர்களின் உடல் எதிர்வினையோ மற்றக் குழந்தைகளுடையதைப் போலவே இருந்தது. இரண்டு வயதுக்குட்பட்டோரைக் காப்பகங்களில் சேர்ப்பதற்கு ருமேனியா 2004இலேயே சட்டத்தின் மூலம் தடை விதித்திருந்தது.

முதுமை வரையிலான கதையை இவ்வாய்வால் இன்னும் சொல்ல முடியாது. இளமை வரையிலான கதை பிரிட்டனில் இருக்கிறது. பெரும்பாலும் ருமேனியக் காப்பகங்களிலிருந்து அங்கே தத்தெடுக்கப்பட்ட 165 குழந்தைகளை மைக்கேல் ரட்டர் தொடங்கிய ஆய்வு இருபது வயது கடந்தும் பின்தொடர்ந்தது. ஆறு மாதத்துக்கும் குறைவாகக் காப்பகத்தில் இருந்தவர்கள் ஏனையோரைப் போலவே வளர்ந்தனர். அதற்கு மேல் இருந்தவர்களிடம் கவனக் குறைபாடும் முன்பின் அறியாதவரிடம் தயக்கமின்றி ஒட்டிக்கொள்ளும் இயல்பும் நீடித்தன. சிறுவயதில் பெரிதாகத் தென்படாத பதற்றமும் மனச்சோர்வும் இளமையில் தலைகாட்டின. ஆனால் அவர்களிலும் ஐவரில் ஒருவரிடம் எந்தக் கட்டத்திலும் குறிப்பிடத்தக்க சிக்கல் தென்படவில்லை. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பதை அந்த ஐந்தாமவர் ஒப்புக்கொள்ள மாட்டார்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. 1998இல் அமெரிக்காவில் வெளியான புகழ்பெற்ற ஓர் ஆய்வு, குழந்தைப் பருவத்தில் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட வகைத் துன்பங்களைச் சந்தித்தவர்களுக்கு மனச்சோர்வு, மது அடிமைத்தனம், தற்கொலை முயற்சி ஆகியவற்றின் வாய்ப்பு 4 முதல் 12 மடங்கு வரை கூடுவதாகக் கண்டது. அதன் கேள்வித்தாள் இன்று இணையத்தில் மதிப்பெண் விளையாட்டாகப் பரவியிருக்கிறது. ஆயிரக்கணக்கானோரின் சராசரியைச் சொல்லும் அந்த எண், தனியொருவரின் எதிர்காலத்தைக் கணிக்க உதவாது. மேலும், வளர்ந்தபின் நினைவுகூர்வதும் சிறுவயதிலேயே பதிவானதும் பல வேளைகளில் பொருந்துவதில்லை.

மழுங்கிய மணி மீண்டும் ஒலிக்குமா என்ற கேள்விக்கும் கன்னரின் குழுவே 2019இல் ஒரு விடை தந்தது. காப்பகங்களிலிருந்து தத்தெடுக்கப்பட்டு, அமெரிக்கக் குடும்பங்களில் பல ஆண்டுகள் வளர்ந்த பிள்ளைகளிடம், பருவமடைதலின் தொடக்கத்தில் மழுங்கியிருந்த கார்ட்டிசால் எதிர்வினை, அப்பருவம் முதிர முதிர மற்றவர்களுடையதை ஒத்ததாக மாறியது. இதனால் மனச்சோர்வு நீங்கிவிடும் என்று பொருளில்லை. கார்ட்டிசால் சுற்றின் அளவீடு இரண்டாவது முறையும் திருத்தப்படக்கூடியது என்பதே பொருள். அத்திருத்தம் நிகழ்ந்தபோது அப்பிள்ளைகளுக்கு, அழுதால் வந்து பார்க்க வீட்டில் ஒருவர் இருந்தார்.