திரை சுழல்வதில்லை, திரும்புகிறது

கைபேசியைச் சாய்த்தால் திரைக் காட்சியும் திசை மாறுகிறதே, அந்த ஸ்கிரீன் ரொட்டேஷனுக்குத் ‘திரைச் சுழற்சி’ என்றே எங்கும் எழுதுகிறார்கள். மூலம் லத்தீனின் ‘ரோட்டா’, அதாவது சக்கரம். சக்கரம் என்றதும் சுழற்சி என்று போட்டாயிற்று, வேலை முடிந்தது.

தமிழில் சுழல்வது என்றால் நில்லாமல் சுற்றுவது: பம்பரம், மின்விசிறி, ஆற்றுச் சுழி. திரையோ கால் வட்டம் போய் நின்றுவிடும். அதற்குப் பெயர் திரும்புதல். பூட்டில் சாவியைத் திருப்புகிறோம், சுழற்றுவதில்லை. ‘திருப்பம் என்றால் கதையில் வருவதுதானே? தோசையைத் திருப்பினால் மறுபக்கமல்லவா வரும்?’ என்று மடக்குவார்கள். ‘திரைத் திருப்பம்’ என்று முழுதாக எழுதிப் பாருங்கள், யாரும் திரையின் முதுகைத் தேட மாட்டார்கள்.

பங்கு விலை, கிரிக்கெட் ஸ்கோர் என நேரலைத் தரவு காட்டும் செயலிகளில் இந்தக் குழப்பம் வேலையையே கெடுக்கும். ‘சுழற்சியில் நின்றுவிட்டது’ என்று பிழைக்குறிப்பு வந்தால், சுழன்றது திரையா, தரவுக்குக் காத்திருக்கும் வட்டமா? இரண்டும் வேறு நோய். ஆண்ட்ராய்டில் திரை திரும்பினால், வேறு ஏற்பாடு செய்யாதவரை, ஆக்டிவிட்டி, அதாவது செயலியின் ஒரு திரையை நடத்தும் பகுதி, அழிந்து புதிதாக உருவாகும். அது உருவாகும்போது ஓடும் ஆன்கிரியேட்டில், தரவு வந்துகொண்டிருக்கும் இணைப்பான வெப்சாக்கெட்டைத் திறந்து, அழியும்போது மூட மறந்தால் திருப்பத்துக்கு ஓர் இணைப்பு கூடும். ஒரே விலை இரண்டு, மூன்று தடவை வந்து விழும். ஒழுங்காக மூடித் திறந்தாலோ நடுவில் வந்த தரவு போச்சு. திருப்பத்தில் அழியாத வியூமாடலில் இணைப்பை வைத்து, திரைக்குத் தரவைத் தரும் ஸ்டேட்ஃப்ளோவை வைல்சப்ஸ்கிரைப்டு 5,000 மில்லிவினாடி என்று அமைத்தால், கேட்க ஆளில்லாமல் 5 வினாடி போன பிறகே இணைப்பு மூடும். திருப்பம் அதற்குள் முடிந்துவிடும். செயலியின் அமைப்புக் கோப்பான மேனிஃபெஸ்டில், எந்த மாற்றத்துக்கு ஆக்டிவிட்டி அழிய வேண்டாம் என்று சொல்லும் கான்ஃபிக்சேஞ்சஸில், ஓரியன்டேஷனை (திரை நெட்டா, குறுக்கா என்பதை) மட்டும் எழுதித் தப்பிக்கவும் முடியாது, ஆண்ட்ராய்டு 3.2 முதல் ஸ்கிரீன்சைஸும் (திரை அளவும்) சேர வேண்டும்.

அந்த ஓரியன்டேஷனையும் சிலர் ‘சுழற்சி’ ஆக்குவதுதான் கொடுமை. திருப்பங்கள் நான்கு: 0, 90, 180, 270 பாகை. ஓரியன்டேஷன் இரண்டே. 90இலிருந்து நேரே 270க்குப் போனால் திருப்பம் உண்டு, ஓரியன்டேஷன் மாறாது, ஆக்டிவிட்டியும் அழியாது. இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் இந்த வாக்கியத்தை எப்படி எழுதுவது? வாழைக்காய் நறுக்குகிறவர்களிடம் சொல் தயாராக இருக்கிறது: நெட்டுவாக்கு, குறுக்குவாக்கு. நம் மொழிபெயர்ப்பாளர்களுக்கு அது போதாது. போர்ட்ரெய்ட், லேண்ட்ஸ்கேப் என்பவற்றை ‘உருவப்படப் பயன்முறை’, ‘நிலத்தோற்றப் பயன்முறை’ என்றால்தான் திருப்தி. ஓவியம் வரைகிற செயலி என்று நினைத்து யாராவது தூரிகையைத் தேடினால் அவர்மேல் குற்றமில்லை.