காது திறக்கும் முன்பே வேலையைத் தொடங்கும் ஏடிபி

கிண்டியில் ரோட்டைக் கடக்கும்போது எங்கிருந்தோ ஒரு பஸ் ஹார்ன் அடித்தால், அது இடப்பக்கமா வலப்பக்கமா என்று பார்க்காமலேயே தெரிந்துவிடுகிறது இல்லையா? ஒலி இரண்டு காதுகளையும் வந்தடையும் நேரத்தில் உள்ள வித்தியாசம் ஒரு மில்லிசெகண்டில் முக்கால் பங்குகூட வராது. அதை அளப்பது மூளைத்தண்டு. அப்படி அளக்க வேண்டுமென்றால் அங்குள்ள சினாப்ஸ்கள், அதாவது நரம்பு செல்கள் சந்திக்கும் இடங்கள், துளியும் பிசகக் கூடாது.

அதனால்தான் அங்கே ஒரு ராட்சச சினாப்ஸ் இருக்கிறது. 1893இல் ஜெர்மன் உடற்கூறியலாளர் ஹான்ஸ் ஹெல்ட் விவரித்தது, 'ஹெல்டின் கேலிக்ஸ்' என்று பெயர். எலுமிச்சம்பழத்தை விரல்களால் பற்றியதுபோல ஒரு நரம்பு முனை அடுத்த செல்லைப் பிடித்துக்கொண்டு, நூற்றுக்கணக்கான இடங்களிலிருந்து குளூட்டமேட்டை, அதாவது அடுத்த செல்லைத் தூண்டும் வேதிப்பொருளை, வெளிவிடும்.

இதில் ஏடிபிக்கு என்ன வேலை? பள்ளிப் பாடத்தில் அது செல்லின் எரிபொருள், அத்தோடு சரி. ஆனால் செல்லுக்கு வெளியே வந்துவிட்டால் ஏடிபி ஒரு செய்தி. 1972இல் நரம்பியல் விஞ்ஞானி ஜெஃப்ரி பர்ன்ஸ்டாக் இதைச் சொன்னபோது பலர் ஏற்கவில்லை. பிறகுதான் அந்தச் செய்தியை வாங்கும் ஏற்பிகள், அதாவது செல்லின் மேற்பரப்பில் உள்ள புரதங்கள், ஒவ்வொன்றாகக் கிடைத்தன. அவற்றில் பி2எக்ஸ் வகை, ஏடிபி ஒட்டியதும் திறந்துகொள்ளும் வாசல். சோடியமும் கால்சியமும் உள்ளே பாயும். அது நரம்பு முனையில் இருந்தால் அந்தக் கால்சியம் குளூட்டமேட் வெளியேறுவதைக் கூட்டும், செய்தியைப் பெறும் செல்லில் இருந்தாலோ செல்லின் மின்னழுத்தம் ஏற்கெனவே கொஞ்சம் உயர்ந்து நிற்பதால், வீணாகப் போயிருக்க வேண்டிய பலவீனமான சிக்னல்கூட அந்தச் செல்லைத் துடிக்கவைத்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி அடுத்துதான் வருகிறது. வெளியே வந்த ஏடிபி நிலைப்பதில்லை. நொதிகள் அதன் பாஸ்பேட்டுகளை ஒவ்வொன்றாக வெட்டி அடினோசினாக மாற்றிவிடுகின்றன. அந்த அடினோசின் நரம்பு முனையில் உள்ள ஏ1 ஏற்பியில் ஒட்டி, கால்சியம் வரத்தைக் குறைத்து, குளூட்டமேட்டையும் குறைக்கிறது. காபியில் உள்ள கஃபீன் மறிப்பதும் அடினோசின் ஏற்பிகளைத்தான். முடுக்கியதும் ஏடிபி, கொஞ்ச நேரத்தில் பிரேக் போடுவதும் அதே ஏடிபியின் மிச்சம்!

இந்த விளைவுகள் இளம் எலிகளில் நன்றாகப் பதிவாகியுள்ளன, அதற்குக் காரணமும் உண்டு. எலிக்குட்டிக்குக் காது கேட்கத் தொடங்குவது பிறந்து ஏறக்குறைய 12 நாள் கழித்துத்தான். அதுவரை உள்காதின் துணைச் செல்கள் ஏடிபியை அவ்வப்போது வெளிவிட, ஒலியே இல்லாமல் கேள்நரம்பில் சிக்னல்கள் சரம்சரமாகக் கிளம்புகின்றன. இதை 2007இல் கண்டுபிடித்தார்கள். பக்கத்துப் பக்கத்துச் செல்கள் இப்படிச் சேர்ந்தே துடிப்பதால், எந்த இழை எந்தச் செல்லோடு இணைய வேண்டும் என்பது முதல் ஒலி வருவதற்கு முன்பே பெருமளவு சீராகிவிடுகிறது.