வீட்டுவழிக் கல்வியும் சம்பள வேலையும்: பற்றாக்குறை எங்கே இருக்கிறது?

குழந்தையைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே படிக்க வைக்கலாமா என்று கேட்டு வரும் பெற்றோரில் பெரும்பாலோர் பாடத்திட்டத்தைப் பற்றியே முதலில் பேசுகிறார்கள். எந்தப் புத்தகம் வாங்குவது, எந்தச் செயலி நல்லது, பத்தாம் வகுப்புத் தேர்வை எப்படி எழுதுவது என்ற கேள்விகளோடு வருபவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: குழந்தை விழித்திருக்கும் நேரத்தில் உங்கள் இருவரில் யார், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை, வேறு வேலை இல்லாமல் இருப்பீர்கள்? கோவையில் குழந்தைகள் மனநல ஆலோசகராகப் பணியாற்றும் நான் இந்தக் கேள்விக்குத் தயாரான பதிலோடு வந்த தம்பதிகளை அரிதாகவே பார்த்திருக்கிறேன். (கீழே வரும் குடும்பங்களின் விவரங்களை அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்.)

கற்பிக்கும் நேரம் பலர் அஞ்சும் அளவுக்குப் பெரிதல்ல. கல்வி உரிமைச் சட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலைநாள்கள், 800 கற்பித்தல் மணிகள் என்றும், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 220 நாள்கள், 1000 மணிகள் என்றும் அளவு வைத்திருக்கிறது. தொடக்க வகுப்புக்கு அது நாளொன்றுக்கு நான்கு மணி நேரம். அதுவும் முப்பது குழந்தைகளை அமைதிப்படுத்தி, வருகைப் பதிவு எடுத்து, எல்லோரும் எழுதி முடிக்கும் வரை காத்திருந்து நடத்தும் நான்கு மணி நேரம். ஒரே குழந்தைக்கு ஒருவர் அருகிலிருந்து சொல்லிக்கொடுத்தால் எட்டு வயது வரை இரண்டு மணி நேரமே போதுமானது என்பதை நான் தொடர்ந்து பார்க்கிறேன். ஆகவே, எட்டு மணி நேர வேலையும் பார்த்துக்கொண்டு ஒரு முழுநாள் பள்ளியையும் எப்படி நடத்துவது என்று மலைப்பவர்கள் கணக்கைத் தவறான இடத்தில் தொடங்குகிறார்கள்.

உண்மையான சிக்கல் மீதியுள்ள நேரத்தில் இருக்கிறது. பள்ளி பாடம் மட்டும் நடத்துவதில்லை. பெரியவர்கள் சம்பாதிக்கும் நேரம் முழுவதும் குழந்தையைப் பொறுப்பில் வைத்துக்கொள்கிறது, அதற்குச் சண்டையிடவும் சமாதானமாகவும் ஆள் கொடுக்கிறது. பள்ளியை விட்டதும் அந்தப் பொறுப்பு வீட்டுக்கு வந்துவிடுகிறது; வீட்டிலிருந்தபடி அலுவலக வேலை பார்ப்பவரோ உடலால் மட்டுமே வீட்டில் இருக்கிறார். ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி, அம்மாவின் மடிக்கணினித் திரையில் பெயருக்கு அருகே சிவப்பு வட்டம் தெரிந்தால் பேசக்கூடாது, பச்சையானால் கூப்பிடலாம் என்று எனக்கு விளக்கினாள். எழுத்துக்கூட்டிப் படிப்பதில் அவளுக்கு எந்தக் குறையும் இல்லை. பச்சை வட்டத்துக்காகக் காத்திருந்து காத்திருந்து, எதற்குமே கூப்பிடாத குழந்தையாக அவள் மாறியிருந்ததுதான் அந்தக் குடும்பத்தை என்னிடம் கொண்டுவந்தது.

இந்தச் சுமை யார் மீது விழுகிறது என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. 2024ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்களும், ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடங்களும் செலவிடுகிறார்கள். ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஏற்கெனவே போய்விட்ட நாளில், சம்பள வேலைக்கு மேல் வீட்டுவழிக் கல்வியையும் ஒரு பெண் ஏற்றுக்கொண்டால், அந்த நேரம் எங்கிருந்து வரும்? தூக்கத்திலிருந்துதான் வருகிறது. மதியம் ஒரு மணிக்குத் தொடங்கி இரவு பத்துக்கு முடியும் ஷிஃப்டில் வேலை பார்த்த ஒரு தாய், விடியற்காலை ஐந்துக்கு எழுந்து சமைத்து, எட்டிலிருந்து பதினொன்று வரை மகனுக்குப் பாடம் நடத்தி, நள்ளிரவு வரை மறுநாள் பயிற்சித்தாள் தயாரித்துக்கொண்டிருந்தார். பையனுக்குக் கவனம் நிற்பதில்லை, கணக்கு என்றாலே அழுகிறான் என்பது அவருடைய புகார். சோதித்துப் பார்த்ததில் பையனுடைய கவனம் வயதுக்கேற்றபடியே இருந்தது. ஐந்து மணி நேரம் தூங்கிய ஒருவர் வகுத்தல் கணக்கில் மூன்றாவது முறையாக அதே தவறைப் பார்க்கும்போது குரல் எப்படி உயரும் என்பதுதான் அங்கே நடந்துகொண்டிருந்தது.

அந்த வீட்டில் பாடத்தைக் குறைக்க நான் சொல்லவில்லை. காலையில் ஒன்பதரைக்கு அலுவலகம் கிளம்பும் தந்தை, எட்டிலிருந்து ஒன்பது வரை கணக்கை எடுத்துக்கொண்டார். தாய் மொழிப்பாடங்களை மட்டும் வைத்துக்கொண்டார். பயிற்சித்தாள் தயாரிப்பது அடியோடு நிறுத்தப்பட்டது, அரசுப் பாடநூலே போதுமென்று முடிவானது. தந்தைமார் பலர் 'நான் உதவி செய்கிறேன்' என்கிறார்கள். உதவுகிறவர் கூப்பிட்டால் வருவார், பொறுப்பேற்றவரோ கூப்பிடும்வரை காத்திருக்க மாட்டார். ஒரு பாடத்தின் புத்தகம், திருத்தம், தேர்வு எல்லாம் ஒருவரிடமே முழுதாக இருந்தால்தான் மற்றவரின் தலையிலிருந்து அது இறங்கும்.

அலுவலகத்திடம் மறைப்பது இன்னொரு பெரிய சோர்வு. ஒவ்வொரு அழைப்பிலும் குழந்தையின் சத்தம் கேட்டுவிடுமோ என்று ஒலியை அணைத்து அணைத்துப் பேசுவதைவிட, காலை பத்திலிருந்து பதினொன்றரை வரை கிடைக்க மாட்டேன், அதை மாலையில் ஈடுசெய்கிறேன் என்று எழுத்துமூலம் கேட்டு வாங்கியவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள். எல்லா நிறுவனமும் ஒப்புக்கொள்ளாது என்பது தெரிந்ததே. ஒப்புக்கொள்ளாத வேலையோடு பத்து வயதுக்குட்பட்ட குழந்தையின் வீட்டுவழிக் கல்வியைச் சேர்த்து நடத்த, வீட்டில் இன்னொரு பெரியவர் கட்டாயம் தேவை. தாத்தா பாட்டி இருந்தால் அவர்களிடம் பாடத்தைத் திணிக்காமல் சாப்பாடு, பேச்சு, வெளியே அழைத்துப் போவது என்று விடுவது நல்லது. இவை எதுவும் இல்லாத வீட்டில் அந்த இடத்தைக் கைப்பேசி நிரப்பிவிடும்.

வேலையையே விட்டுவிடலாமா என்று கேட்பவர்கள், மிச்சமாகும் பள்ளிக் கட்டணத்தையும் இழக்கும் மாதச் சம்பளத்தையும் மட்டுமே ஒப்பிடுகிறார்கள். வருங்கால வைப்பு நிதியில் நிறுவனம் செலுத்தும் பங்கு நின்றுபோவதும், ஐந்து ஆண்டுத் தொடர்பணி நிறைவடையாமல் விலகும் நிரந்தர ஊழியருக்குப் பணிக்கொடை கிடைக்காமல் போவதும் அந்தக் கணக்கில் வருவதில்லை. நாலரை ஆண்டில் வேலையை விடுவதற்கு முன் ஆறு மாதம் பொறுத்துப் பார்க்கலாம்.

சொந்தத் தொழில் செய்பவர்களின் நிலை வேறு. திருப்பூர்ப் பக்கம் வீட்டை ஒட்டியே தையல் எந்திரங்கள் வைத்திருக்கும் குடும்பங்களில், குழந்தை எப்போதும் கண்ணெதிரே இருப்பதால் எளிதென்று நினைக்கிறார்கள். 2016ஆம் ஆண்டு திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், பதினான்கு வயதுக்குட்பட்டவர்கள் ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பள்ளி நேரத்துக்குப் பிறகோ விடுமுறையிலோ உதவுவதை மட்டுமே அனுமதிக்கிறது. பள்ளி நேரம் என்று ஒன்றே இல்லாத குழந்தைக்கு 'பிறகு' எப்போது தொடங்கும்? ஆர்டர் நெருக்கும் வாரத்தில் நூல் பிசிறு வெட்ட உட்காரும் பிள்ளை, அடுத்த வாரமும் உட்காருவதை நான் பார்த்திருக்கிறேன். அத்தகைய வீடுகளில் படிப்பு நேரத்தைச் சுவரில் எழுதி ஒட்டச் சொல்கிறேன்; அது பிள்ளைக்காக அல்ல, பெரியவர்களுக்காக.

தேர்வைப் பற்றிய பதற்றம் இந்த நெருக்கடியை வீணாகக் கூட்டுகிறது. தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் பதினான்கு வயது நிறைந்தவர்கள் பத்தாம் வகுப்புக்கு இணையான படிப்பில் சேரலாம். சான்றிதழுக்கு ஐந்து பாடங்கள் போதும். பொதுத்தேர்வு ஆண்டுக்கு இருமுறை நடப்பதாலும், ஐந்து ஆண்டுகளில் ஒன்பது வாய்ப்புகள் இருப்பதாலும், வேலைப்பளு மிகுந்த ஆண்டில் இரண்டு பாடங்களோடு நிறுத்திக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் பன்னிரண்டரை வயது நிறைந்தவர்கள் தனித்தேர்வராக எட்டாம் வகுப்புத் தேர்வு எழுதும் வழியும் இருக்கிறது.

கல்வி உரிமைச் சட்டம் வீட்டுவழிக் கல்வியைத் தனியாக அங்கீகரிக்கவில்லை. ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது, சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் கூறவில்லை. அதே சட்டத்தின் நான்காம் பிரிவுதான் திரும்பிச் செல்லும் வழியையும் திறந்து வைத்திருக்கிறது: இடையில் விட்ட குழந்தையை வயதுக்குரிய வகுப்பிலேயே சேர்க்க வேண்டும், மற்றவர்களோடு சமமாக வருவதற்குச் சிறப்புப் பயிற்சியும் தர வேண்டும். ஆகவே ஆறு மாதம் நடத்திப் பார்த்து, தாயின் தூக்கமோ குழந்தையின் பேச்சோ குறைந்திருந்தால், மாற்றுச் சான்றிதழை எடுத்துக்கொண்டு ஜூனுக்குக் காத்திருக்காமல் அருகிலுள்ள பள்ளிக்குப் போய்க் கேளுங்கள். கல்வியாண்டின் நடுவில் வந்தது என்ற காரணத்தைச் சொல்லி அந்த வயதுக் குழந்தையை அரசுப் பள்ளி திருப்பி அனுப்ப முடியாது.