57 × 11 = 5127 என்று எழுதும் பிள்ளைகள்

ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று 57 × 11 என்ற கணக்குக்கு 5127 என்று விடை எழுதுகிறது. தப்பு எங்கே வந்தது என்று அதிகம் தேட வேண்டியதில்லை. 11ஆல் பெருக்க வேண்டுமானால் இரண்டு இலக்கத்தையும் கூட்டி நடுவில் வை என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். 43 × 11 என்றால் 4, 7, 3. விடை 473, சரிதான். அதே மாதிரி 57க்கு 5, 12, 7. சொன்னதை அப்படியே செய்திருக்கிறது பிள்ளை. 57ஐப் பத்தால் பெருக்கினாலே 570தான். அதோடு இன்னும் ஒரு 57 சேர்ந்தால் எப்படி ஐயாயிரத்தைத் தாண்டும் என்ற கேள்வி மட்டும் எழவே இல்லை. அதுதான் எனக்குப் பெரிய கவலை.

தொடக்கப் பள்ளியில் கணக்கு நடத்துகிறேன். கோடை விடுமுறை நெருங்கினால் பெற்றோர் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "டீச்சர், பெருக்கலுக்கு ஏதாவது ஷார்ட்கட் சொல்லிக் குடுங்களேன்." செல்போனில் அரை நிமிட வீடியோ பார்த்துவிட்டு வந்திருப்பார்கள். பிள்ளை கணக்கில் கெட்டிக்காரனாக வேண்டும் என்ற ஆசை நல்ல ஆசை. நானும் குறுக்குவழிகளைச் சொல்லித் தருகிறேன். ஆனால், ஏன் அப்படி வருகிறது என்று பிள்ளை தன் வாயால் சொல்கிற வரை அடுத்த வழிக்குப் போவதில்லை.

முதலில் வாய்ப்பாடு. குறுக்குவழி தெரிந்தால் வாய்ப்பாடு வேண்டாம் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏழெட்டு ஐம்பத்தாறு என்று நாக்கில் நிற்காத பிள்ளைக்கு 78 × 6 கேட்டால், பாதி வழியிலேயே மூச்சு வாங்கிவிடும். ஆனால் மனப்பாடம் செய்ய வேண்டியது நாம் பயமுறுத்துகிற அளவு இல்லை. 1 முதல் 10 வரை வாய்ப்பாட்டில் 100 பெருக்கல்கள் இருக்கின்றன. 7 × 8ம் 8 × 7ம் ஒன்றுதான் என்று புரிந்துவிட்டால் 55 ஆகிவிடும். 1, 2, 5, 10 வாய்ப்பாடுகள் பிள்ளைகளுக்குச் சீக்கிரம் வந்துவிடும். அவற்றைக் கழித்தால் மீதி 21. ஒன்பதாம் வாய்ப்பாட்டைப் பத்து மடங்கில் ஒரு மடங்கு குறைத்துச் சொல்லப் பழகிவிட்டால் 15தான் பாக்கி. இந்தப் பதினைந்தை ஒரு தாளில் எழுதி வீட்டில் ஒட்டி வையுங்கள். அழுகிற பிள்ளைகூடத் தெம்பாகிவிடும்.

அந்தப் பதினைந்திலும் மறப்பது மறக்கும். ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டதும் ஒரு பிள்ளை விழிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நான் விடையைச் சொல்ல மாட்டேன். "ஐயெட்டு எவ்வளவு?" என்பேன். நாற்பது. "ஈரெட்டு?" பதினாறு. "அப்போ ஏழெட்டு?" கொஞ்ச நேரம் உதடு அசையும், அப்புறம் ஐம்பத்தாறு வரும். மனக்கணக்குப் பெருக்கல் முழுக்க இந்த ஒரு விஷயத்தில்தான் நிற்கிறது. தெரியாததைத் தெரிந்த துண்டுகளாகப் பிரி, பெருக்கு, கூட்டு. 11ஆல் பெருக்குவது பத்து மடங்கோடு ஒரு மடங்கு: 570 + 57 = 627. 99 × 46 என்றால் 4600இலிருந்து 46ஐக் கழித்தால் 4554. ஐந்தால் பெருக்கப் பத்து மடங்கில் பாதி. 25ஆல் பெருக்க நூறு மடங்கில் கால்; 16இல் கால் 4, ஆகவே 16 × 25 = 400. அந்தக் காலத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடி என்ற வாய்ப்பாட்டுச் சுவடியைச் சத்தம் போட்டு மனப்பாடம் செய்த பிள்ளைகள் அரை, கால், மாகாணிக்கும் (பதினாறில் ஒரு பங்கு) வாய்ப்பாடு சொன்னார்கள். இன்று காலும் அரையும் காய்கறிக் கடையோடு நின்றுவிட்டன.

இன்னொன்று. எழுத்துக் கணக்கில் ஒன்றின் இலக்கத்திலிருந்து தொடங்குகிறோம். மனக்கணக்கில் பெரிய இலக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். 78 × 6க்கு முதலில் 420, அப்புறம் 48, ஆக 468. 420 என்று சொன்னவுடனே விடை நானூற்றுச் சொச்சம் என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடுகிறது. நாலாயிரம் என்று எழுதக் கை போகாது.

ஐந்தில் முடியும் எண்ணின் வர்க்கம் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். 35 × 35 என்றால் மூன்றை அதற்கு அடுத்த நான்கால் பெருக்கி 12, பக்கத்தில் 25 எழுதினால் 1225. இதை வித்தையாகச் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். கட்டம் போட்ட நோட்டில் 35க்கு 35 சதுரம் வரையச் சொல்லுங்கள். அதற்குள் 30க்கு 30 ஒரு பெரிய சதுரம், 30க்கு 5ஆக இரண்டு பட்டைகள், மூலையில் 5க்கு 5 ஒரு குட்டிச் சதுரம் இருக்கும். கத்தரிக்கோலால் ஒரு பட்டையை வெட்டி எடுத்து இன்னொரு பட்டையின் பக்கத்தில் சேர்த்து வைத்தால், பெரிய சதுரமும் பட்டைகளுமாக 30க்கு 40 செவ்வகம் ஆகிவிடும்: 1200. மூலையில் மிச்சம் 25. மூன்றை ஏன் நான்கால் பெருக்குகிறோம் என்று அப்புறம் யாரும் சொல்ல வேண்டியதில்லை. 65 × 65ஐத் தாங்களே போடுவார்கள்.

வேத கணித வகுப்பில் சேர்க்கலாமா என்றும் கேட்கிறார்கள். அந்தப் பெயரில் வழங்கும் முறைகள் 1965இல் வெளியான ஒரு நூலிலிருந்து வந்தவை. எழுதியவர் திருநெல்வேலியில் பிறந்து பூரி சங்கராச்சாரியாராக இருந்த பாரதி கிருஷ்ண தீர்த்தர். அதிலுள்ள சூத்திரங்கள் வேதத்தில் காணப்படவில்லை என்று அறிஞர்கள் எடுத்துக்காட்டிவிட்டார்கள். முறைகள் பலவும் சரியான இயற்கணிதம்தான், அழகானவையும்கூட. 98 × 97க்கு, நூறுக்குக் குறைவு 2, 3; 98 − 3 = 95, 2 × 3 = 6, அதை இரண்டு இலக்கமாக 06 என்று பக்கத்தில் எழுதினால் விடை 9506. காரணம் தெரியாத பிள்ளை அந்தப் பூஜ்யத்தை விட்டுவிட்டு 956 என்று எழுதும். கணக்கை 43 × 62 என்று மாற்றினால் கையைப் பிசையும். சேர்ப்பதானால், அங்கே காரணம் சொல்லித் தருகிறார்களா என்று ஒரு வகுப்பு உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சேருங்கள்.

பிரித்துப் பெருக்குவது பிள்ளைகளுக்கு இயல்பாகவே வரும். பிரேசிலின் ரெசிஃபி நகரில் தெருவில் விற்கும் சிறுவர்களை ஆராய்ந்து 1985இல் ஒரு கட்டுரை வந்தது. ஒரு தேங்காய் 35 என்றால் பத்துத் தேங்காய் எவ்வளவு என்று கேட்டதற்கு, 12 வயதுப் பிள்ளை மூன்றுக்கு 105, இன்னும் மூன்று சேர்த்தால் 210, இன்னும் நான்கு வேண்டும் என்று போய், 315ஐத் தொட்டு, 350 என்று முடித்தது. சந்தையில் இப்படி அநேகமாக எல்லாவற்றையும் சரியாகச் சொன்ன பிள்ளைகள், அதே கணக்குகளைத் தாளில் கொடுத்தபோது தடுமாறினார்கள். பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலானோர் கொல்கத்தா, தில்லி சந்தைகளில் செய்து 2025இல் வெளியான ஆய்விலும் இதே நிலைதான். பள்ளியில் மட்டும் படித்த பிள்ளைகளோ சந்தைக் கணக்கில் திணறினார்கள். இரண்டையும் இணைக்கும் வேலை ஆசிரியருடையது, பெற்றோருடையதும்கூட. அதற்குச் செலவு ஒன்றும் இல்லை. கடைக்குப் போகும்போது கிலோ 48 ரூபாய் தக்காளி மூன்று கிலோ எவ்வளவு என்று கேளுங்கள். "ஐம்பது வச்சா நூத்தம்பது, அதுல ஆறு குறைச்சா நூத்து நாப்பத்திநாலு" என்று வந்தால் போதும்.

தயவுசெய்து ஸ்டாப்வாட்ச் வைக்காதீர்கள். கணக்கு என்றாலே பதறும் பிள்ளைக்கு, அந்தப் பதற்றமே மனதில் கணக்குக்கு வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஆஷ்கிராஃப்ட், கிர்க் என்ற ஆய்வாளர்கள் 2001இலேயே கல்லூரி மாணவர்களிடம் செய்த சோதனைகளில் இப்படி நடப்பதைக் காட்டினார்கள். எவ்வளவு நேரத்தில் போட்டாய் என்பதை விட்டுவிட்டு எப்படிப் போட்டாய் என்று கேளுங்கள். 18 × 5ஐக் கரும்பலகையில் எழுதிவிட்டு நான் ஒதுங்கி நின்றுவிடுவேன். ஒருத்தி 50ம் 40ம் என்பாள். ஒருவன் 9 × 10 என்பான். இன்னொருத்தி நூறில் பத்து குறைத்தேன் என்பாள். மூன்றையும் பலகையில் எழுதிப் போட்டுவிட்டால், அடுத்த கணக்குக்கு வகுப்பே நாலாவது வழியைத் தேடும்.

இவ்வளவு செய்தும் ஆறாம் வகுப்பு வரை விரல் விட்டு எண்ணுகிற, எது பெரிய எண் என்பதிலேயே குழம்புகிற பிள்ளைகள் சிலர் உண்டு. சோம்பேறி என்று திட்டாதீர்கள், கூடுதல் டியூஷனிலும் தள்ளாதீர்கள். அது டிஸ்கால்குலியா என்னும் கணிதக் கற்றல் குறைபாடாக இருக்கலாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதையும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. முதலில் வகுப்பாசிரியரிடம் பேசுங்கள். அரசுப் பள்ளி என்றால் வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரைப் பார்க்க அவரே வழி சொல்வார்.