"கோச் பார்த்துக்குவார்" என்று யார் சொன்னது?

இந்த செமஸ்டரில் இன்னொரு கேஸ். ஊரிலிருந்து டென்னிஸ் ஸ்காலர்ஷிப்பில் வந்த பிள்ளை. ஆன்லைன் வினாடிவினாவில் ஒவ்வொருவருக்கும் எண்கள் வேறு வேறாக வரும். இவர் போட்டிருந்த விடைகளோ அணித் தோழருக்கு வந்த எண்களுக்கு அச்சொட்டாகப் பொருந்தின. இதெல்லாம் எனக்குப் பழகிப்போனதுதான். பழகாதது, அதற்கடுத்த நாள் அப்பாவிடமிருந்து வந்த மின்னஞ்சல்: "மேடம், நீங்க கோச்கிட்ட ஒரு வார்த்தை பேசுங்க. அவர் பார்த்துக்கறேன்னு சொல்லியிருக்கார்."

நான் அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் நடத்துகிறேன். காப்பி அடித்தது, ஆள் வைத்து எழுதியது போன்ற புகார்களை விசாரிக்கும் குழுவிலும் பல வருடமாக இருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: கோச்சால் பார்த்துக்கொள்ள முடியாது. விசாரணைக் குழுவில் அவருக்கு இடமில்லை, ஓட்டு இல்லை. மதிப்பெண் விஷயமாக கோச் ஒரு ஆசிரியருக்குப் போன் போடுவதே பல இடங்களில் விதிமீறல். உங்கள் பிள்ளைக்காக அவர் பேசினால் ஒரு கேஸ் இரண்டாகும், அவ்வளவுதான்.

நம்பிக்கை வராவிட்டால் 1951-இல் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் நடந்ததைப் பாருங்கள். மாணவர்களில் ஒரு பாதிக்கு முதலில் தேர்வு நடக்கும், மறுபாதிக்குப் பிறகு நடக்கும், கேள்விகள் ஒன்றே. முதலில் எழுதியவர்கள் கேள்விகளை மற்றவர்களுக்குக் கடத்தினார்கள். ஏறத்தாழ 90 பேர் வெளியேற வேண்டியிருந்தது, அமெரிக்கக் கால்பந்து அணி கிட்டத்தட்டக் காலியானது. போனவர்களில் களத்தில் ஆட்டத்தை முன்னின்று நடத்தும் குவார்ட்டர்பேக்கும் ஒருவர். அவர் தலைமைப் பயிற்சியாளர் ஏர்ல் பிளேய்க்கின் மகன். பெற்ற மகனையே கோச்சால் காப்பாற்ற முடியவில்லை. மகன் போனார், அப்பா பல வருடம் அதே வேலையில் தொடர்ந்தார். இன்றைக்கு அந்தக் கேள்விகள் அணியின் வாட்ஸ்அப் குழுவில் போகின்றன, வேறு பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை.

கோச் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலானவர்கள் பிள்ளைகள் மேல் உண்மையான அக்கறை உள்ளவர்கள்தான். ஆனால் அவர் கணக்கு வேறு. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் முதல் பிரிவில் ஒவ்வொரு அணிக்கும் கல்வி முன்னேற்றப் புள்ளி என்று ஒன்று உண்டு. ஸ்காலர்ஷிப்பில் இருப்பவர் ஆடத் தகுதியோடு இருக்கிறாரா, கல்லூரியில் தொடர்கிறாரா என்று செமஸ்டருக்கு செமஸ்டர் எண்ணுவார்கள். அது 930-க்குக் கீழே இறங்கினால் சீசன் முடிவில் வரும் பெரிய போட்டிகளுக்குத் தடை வரலாம். 2011-இல் கூடைப்பந்துக் கோப்பை வென்ற கனெக்டிகட் அணியே இதனால் 2013-இல் வெளியே நின்றது. ஆகவே உங்கள் பிள்ளை "தகுதியோடு" இருக்க வேண்டும் என்பதில் கோச்சுக்கு ஆர்வம் இருக்கும். புள்ளியியல் புரிந்ததா என்பது அந்தக் கணக்கில் எங்குமே வராது.

மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1999 மார்ச்சில் வெடித்தது இதுதான். கூடைப்பந்து வீரர்கள் சுமார் 20 பேருக்காக, கல்வி உதவிப் பிரிவில் அலுவலக வேலை பார்த்த ஒரு பெண் ஏறத்தாழ 400 அசைன்மென்ட்களை எழுதித் தந்திருந்தார். பெரிய போட்டி தொடங்கும் முந்தின நாள் செய்தித்தாளில் வந்தது. நான்கு வீரர்களை உட்கார வைத்தார்கள், அணி முதல் ஆட்டத்திலேயே கொன்சாகா பல்கலைக்கழக அணியிடம் தோற்றது. 1997-இல் அரையிறுதி வரை போன சாதனையும் பதிவேட்டிலிருந்து அழிக்கப்பட்டது. பயிற்சியாளர் கிளெம் ஹாஸ்கின்ஸ் 15 லட்சம் டாலர் வாங்கிக்கொண்டு விலகினார். அதில் 8,15,000 டாலரைத் திருப்பித் தர வேண்டி வந்தது தனிக்கதை. கையோடு ஒரு தொகை அவருக்கு மிஞ்சியது. எழுதாத கட்டுரைக்கு மார்க் வாங்கிய பையனுக்கு என்ன மிஞ்சியது?

"சரி, கல்லூரியே முழுசாகப் பார்த்துக்கொண்டால்?" என்று ஒரு சித்தப்பா என்னிடம் கேட்டார். அப்படியும் நடந்திருக்கிறது. வட கரோலினா பல்கலைக்கழகத்தின் சேப்பல் ஹில் வளாகத்தில் 1993 முதல் 2011 வரை வகுப்பே நடக்காத வகுப்புகள் ஓடின. செமஸ்டர் முடிவில் ஒரு கட்டுரை கொடுத்தால் போதும். பல வருடம் அதைத் திருத்தி மார்க் போட்டவர் பேராசிரியர்கூட இல்லை, துறை அலுவலகத்தில் வேலை பார்த்தவர். 2014-இல் வந்த விசாரணை அறிக்கைப்படி 3,100-க்கும் மேற்பட்ட மாணவர்கள் இதில் சேர்ந்திருக்கிறார்கள். சேர்க்கைகளில் கிட்டத்தட்டப் பாதி விளையாட்டு வீரர்களுடையவை. அவர்களை அங்கே அனுப்பியதில் விளையாட்டுத் துறையின் ஆலோசகர்களுக்கும் பங்கு உண்டு. அந்த அலுவலர் ஓய்வு பெறுமுன் கட்டுரையைக் கொடுத்துவிடுங்கள் என்று வீரர்களை அவசரப்படுத்தியிருக்கிறார்கள்!

தண்டனை என்ன தெரியுமா? கல்லூரித் தரத்தை அங்கீகரிக்கும் அமைப்பு ஒரு வருடம் கண்காணிப்பில் வைத்தது. என்.சி.ஏ.ஏ. 2017-இல் கையை விரித்துவிட்டது: வகுப்புகள் எல்லா மாணவர்களுக்கும் திறந்திருந்தன, ஆகவே வீரர்களுக்கு மட்டும் தந்த சலுகை என்று நிறுவ முடியவில்லை என்றது. கோப்பைகள் பத்திரமாக இருக்கின்றன. கல்லூரி "பார்த்துக்கொண்டால்" இப்படித்தான் ஆகும். கல்லூரி தப்பும், படிக்காத படிப்புக்குப் பட்டம் வாங்கிய பிள்ளைக்கு வேலைக்கான நேர்முகத்தில் வியர்க்கும். இந்த வழக்கை நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம்தான் வருகிறது.

இன்னொரு பக்கம் மிசூரி பல்கலைக்கழகம். ஒரு டியூட்டர் 12 வீரர்களுக்கு வேலை செய்து கொடுத்ததைத் தானே வெளியே சொன்னார். 2019-இல் கால்பந்து, பேஸ்பால், சாஃப்ட்பால் மூன்று அணிகளுக்கும் இறுதிக்கட்டப் போட்டிகளுக்குத் தடை. மேல்முறையீடும் தோற்றது. அந்த 12 பேர் யாரென்றே தெரியாதவர்களும் வீட்டில் உட்கார்ந்தார்கள்.

நம் பிள்ளைகளுக்கு இதில் கூடுதல் ஆபத்து ஒன்று இருக்கிறது, அதை எந்த ஏஜென்ட்டும் சொல்வதில்லை. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் செமஸ்டருக்கு 12 கிரெடிட் எடுக்க வேண்டும். ஆடும் தகுதிக்கும் அதே 12. ஒரு பாடத்தில் சிக்கியதும் "அதை விட்டுவிடு" என்று சீனியர் சொல்வார். ஒரு பாடம் பெரும்பாலும் 3 கிரெடிட், விட்டால் 9. ஆட்டமும் போச்சு, விசாவும் ஆட்டம் காணும். அதுவும் புகார் நிலுவையில் இருக்கும்போது பாடத்தை விடவே பல கல்லூரிகள் அனுமதிக்காது. சஸ்பென்ட் ஆனால் விசா நிலையும் கூடவே போகும்.

சென்னையில் வளர்ந்த சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக ஆடி 2007, 2008 இரண்டு வருடமும் என்.சி.ஏ.ஏ. ஒற்றையர் பட்டம் வென்றார். அதைப் பார்த்து இங்கே வர ஆசைப்படும் குடும்பங்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். அந்தப் பல்கலைக்கழகத்தில் அன்றைக்கு ஏமாற்றுக்கு ஒரே தண்டனைதான், நிரந்தர நீக்கம். 2022-இல் மாணவர்களே ஓட்டுப்போட்டு அதை இரண்டு செமஸ்டர் விலகலாகக் குறைத்தார்கள். விண்ணப்பிக்கும் முன் உங்கள் கல்லூரியின் விதியைப் படியுங்கள். எல்லாக் கல்லூரியும் ஒன்று போல இருக்காது.

இப்படி மாட்டும் பிள்ளைகள் சோம்பேறிகள் அல்ல. என் சக ஆசிரியர்களிலேயே சிலர் விளையாட்டு வீரர் என்றாலே ஒரு மாதிரி பார்ப்பார்கள், எனக்கு அது அறவே பிடிக்காது. பயிற்சிக்கு வாரம் அதிகபட்சம் 20 மணி நேரம் என்பது விதி. பயணம், பிசியோ இதெல்லாம் அந்தக் கணக்கில் வராது. வியாழக்கிழமை பஸ் ஏறி ஞாயிறு இரவு திரும்பும் பிள்ளைக்குத் திங்கள் காலை அசைன்மென்ட். நான் விசாரித்தவற்றில் பெரும்பாலானவை ஞாயிறு இரவில் நடந்தவை. கெட்ட எண்ணத்தோடு ஆரம்பித்தவர்கள் குறைவு.

அதனால்தான் கேட்கிறேன், பயண அட்டவணை கைக்கு வந்ததுமே ஆசிரியர்களுக்கு எழுதச் சொல்லுங்கள். செமஸ்டரின் முதல் வாரத்தில் கேட்டால் நான் தேதி மாற்றித் தருவேன். ஞாயிறு இரவு பதினொன்றரைக்குக் கேட்டால் தூங்கியிருப்பேன். டியூட்டரின் விரல் உங்கள் கீபோர்டைத் தொடக்கூடாது, "நான் அடிச்சுத் தரேன்" என்றால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். அணியின் குழுவில் யாராவது விடை போட்டால் வெளியேறுங்கள். எதுவும் எழுதாமல் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தவர்களையும் நாங்கள் கூப்பிட்டு விசாரித்திருக்கிறோம். சாட்ஜிபிடி பற்றி ஒவ்வொரு ஆசிரியருக்கும் ஒவ்வொரு விதி, பாடத்திட்டத் தாளில் இருக்கும், படியுங்கள். ஆங்கிலம் சரியாக வரவில்லையே என்று கூச்சப்பட்டு மொத்தக் கட்டுரையையும் அதனிடம் கொடுக்கும் பிள்ளைகளைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. தட்டுத்தடுமாறின ஆங்கிலத்துக்காக யாரையும் என் குழு கூப்பிட்டதே இல்லை.

பெற்றோருக்கு ஒன்று. எங்களுக்கு எழுதாதீர்கள். பிள்ளை எழுத்தில் சம்மதம் தராமல் அவருடைய கல்வி விவரத்தை பொதுவாக அப்பா அம்மாவிடம்கூடச் சொல்லக் கூடாது என்பது இந்த நாட்டுச் சட்டம். பதில் போடாதது திமிரால் அல்ல.

புகார்க் கடிதம் வந்தேவிட்டால், முதலில் எதையும் அழிக்காதீர்கள். தோழர்களோடு உட்கார்ந்து கதையை ஒத்திகை பார்க்காதீர்கள், மூன்று பேர் ஒரே வாக்கியத்தைச் சொன்னால் எங்களுக்குத் தெரியாதா? செய்திருந்தால் செய்தேன் என்று சொல்வது நல்லது. முதல் தடவை, சின்ன அசைன்மென்ட் என்றால் பெரும்பாலும் அதற்குப் பூஜ்யம், ஒரு எச்சரிக்கை, ஒரு சிறு பயிற்சி வகுப்பு, அத்தோடு முடிந்துவிடும். பொய் சொல்லி மாட்டினால் அது தனிக் குற்றம். அந்தக் கடிதத்தில் பதில் தரக் கடைசித் தேதி இருக்கும், போட்டிக்கு வெளியூரில் இருந்தாலும் அதற்குள் பதில் போடுங்கள். தேதி தாண்டினால் விசாரணை பிள்ளை இல்லாமலேயே நடக்கும்.